அறுத்த தோணியின் மறுபாதி

பழைய மரத் தோணியைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு ஒலிவெட் மிஷோவின் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் கொண்டுவருவார்கள். இது எங்கள் தாத்தா தோணி, இதில் பெரிய பெரிய மனிதர்கள் மீன்பிடிக்கப் போயிருக்கிறார்கள், இது நூறு வருஷத்துச் சாமான். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். ஒலிவெட்டுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுசு நின்றதில் வீங்கிப்போன காலை ஒரு மரப்பெட்டியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "சரி சரி, முதல்ல எறக்குங்க, அப்புறம் கதை பேசலாம்" என்பாள்.

அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் வட கோடியில், ஆற்றுக்கு அந்தக் கரை கனடா என்று இருக்கிற எங்கள் பக்கத்தில், ஒரு தோணியின் பூர்வீகம் தெரியவேண்டுமானால் அவளிடம்தான் அனுப்புவார்கள். முனைக் கட்டையில் எண் அடித்திருக்கிறதா, விலாச் சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஆணி செம்பா பித்தளையா, கித்தான்மேல் பூசிய பச்சைக்கு அடியில் வேறு என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பாள். பார்த்து, எந்தப் பட்டறையில் பிறந்தது, எத்தனை கை மாறியது, நடுவில் எந்தப் புண்ணியவான் கை வைத்துக் கெடுத்தான் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். பாதிப் பேருக்கு முகம் தொங்கிப்போகும். தாத்தா தோணி என்று கொண்டாடியது, தாத்தா செத்த பிறகு செய்ததாக இருக்கும். "அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மரம் என்ன சொல்லுதோ அதைத்தானே நான் சொல்ல முடியும்?" என்று அலுத்துக்கொள்வாள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்வாள். தோணியின் முன்மூக்குப் பக்கம் போய்க் குனிந்து, விளிம்புச் சட்டத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவி, டார்ச் அடித்துப் பார்ப்பாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "ம், இப்ப எண்ணைப் பாப்போம்" என்பாள். தொட்டே வயசு சொல்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அவள் ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை.

வயசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் தேடியது ஒரு சிவப்புக் கோட்டை.

அவள் தம்பி ஃபெர்னான் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். குளிர்காலம் முழுக்க ஆட்டம், பனி உருகியதும் ஆறு. வெளியூர்க்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போவது அவன் பிழைப்பு. அவனுடைய பச்சைத் தோணி ஒரு தடவை பாறையில் மோதி முன்மூக்கில் சட்டம் பிளந்துபோயிற்று. ஒலிவெட்டின் புருஷன் ரோசேர்தான் எப்போதும் அதற்கு வைத்தியம் பார்ப்பான். அந்தத் தடவை, ஃபெர்னான் உடைத்துப் போட்டிருந்த ஹாக்கி மட்டையிலிருந்தே ஒரு துண்டை அறுத்து ஒட்டுப்போட்டான். மட்டையில் இருந்த சிவப்புக் கோடு அடிப்பக்கம் போகும்படி திருப்பி வைத்தான்.

"ஏன் மச்சான், மேல தெரியட்டுமே, அழகா இருக்கும்ல?" என்றான் ஃபெர்னான்.

"அழகா? நீ கோல் அடிச்ச லட்சணத்துக்கு அடியில இருந்தாப் போதும் மாப்ளே" என்றான் ரோசேர்.

ஒலிவெட் வாசலில் நின்று சிரித்தாள். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த கடைசி வருஷம் அது.

மே மாதம், ஆற்றில் ஐஸ் உடைந்து தண்ணீர் சீறிக்கொண்டு போகிற சமயம். எங்கள் பக்கத்து ஆட்கள் வேகமான தண்ணீரில் துடுப்புப் போடுவதில்லை; தோணியின் பின்பாதியில் எழுந்து நின்று, நீளக் கழியை ஆற்றின் அடியில் ஊன்றி ஊன்றித் தள்ளி, ஓட்டத்துக்கு எதிராக ஏறிப்போவார்கள். நிற்கிறவனுக்குப் பிடிமானம் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம் ஒன்றுதான். முழங்காலுக்குக் கீழே அதில் முட்டுக்கொடுத்துத்தான் நிற்பார்கள். ஃபெர்னான் நெட்டைப் பனைமரம். சட்டம் தப்பான இடத்தில் இடிக்கிறது, ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொடு என்று ரோசேரைப் பிய்த்து எடுத்தான். ரோசேரும் சட்டத்தைக் கழற்றி, பழைய துளைகளை மரக் குச்சியால் அடைத்து, புதுத் துளை போட்டு மாட்டினான். மறுநாள் காலையில் ஃபெர்னான் ஆற்றில் ஏறினான். இரண்டு நாள் கழித்துப் பாலத்துக்குக் கீழே அவனை எடுத்தார்கள். தோணி கிடைக்கவேயில்லை. அந்தக் காலத்தில் ஆளில்லாத தோணி கரை ஒதுங்கினால் எடுத்தவனுக்குச் சொந்தம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒலிவெட்டின் அம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மாதா கோயில் முழுக்கக் கேட்கும்படி ரோசேரிடம் சொன்னாள்: "நீ மாட்டின கட்டை கழண்டுக்கிச்சு. என் புள்ளை போயிட்டான். பெட்டியை நீ தொடாதே." சாகிற வரைக்கும் அவள் இவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

கழன்றதா இல்லையா, ரோசேர் என்ன சொல்வான்? அவனுக்கே தெரியாது. அவன் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நட்டை முறுக்கி முடித்ததும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டு முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காளான் மாதிரி விரித்துவிடுவான். அப்புறம் அந்த நட்டு தலைகீழாக நின்றாலும் கழலாது. அன்றைக்கு மாலை நட்டைக் கையால் சுழற்றிக்கொண்டிருக்கும்போது ஒலிவெட் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டான். அப்புறம் டிவியில் ஹாக்கி இறுதி ஆட்டம். நடுவில் எப்போதாவது போய் முறுக்கித் தட்டினானா, அப்படியே விட்டுவிட்டானா? "மண்டையைப் போட்டு உடைச்சுக்கறேன் ஒலிவெட், ஒண்ணுமே ஞாபகம் வரல" என்றான், அடக்கம் முடிந்து வந்த அன்று.

"உன்னால இல்லை. எனக்குத் தெரியும்" என்றாள் ஒலிவெட். அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

அதன் பிறகு ரோசேர் தோணிகளைத் தொடவில்லை. நாற்காலி, ஊஞ்சல், கட்டில் என்று எது கிடைத்தாலும் போல்ட்டு முனையைத் தட்டினான். தட்டியதையே திரும்பப் போய்த் தட்டினான். கட்டில் கால்களில் இருந்த அந்தக் காளான்களில் மாட்டி ஒலிவெட்டின் காலுறைகள் கிழிந்துகொண்டே இருந்தன. அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. தோணிகளின் பூர்வீகம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். தம்பி ஞாபகமாக அந்தத் தோணியாவது வீட்டில் இருக்கட்டும் என்று ரோசேரிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். நாற்பது வருஷம் ஓடிப்போயிற்று.

போன அக்டோபரில், உருளைக்கிழங்கு அறுவடை முடிகிற சமயத்தில், ஹார்வி ஸ்டேபிள்ஸ் என்று ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் தெற்கேயிருந்து வந்தார். டிரக்கில் பாதித் தோணி இருந்தது. நடுவில் ரம்பம் போட்டு நேராக அறுத்த முன்பாதி.

"என்ன, மிச்சத்தை வழியில விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் ஒலிவெட்.

"இது புத்தக அலமாரி மேடம். நிமித்தி நிறுத்தி, குறுக்கே பலகை போட்டுட்டா ஜம்முனு இருக்கும். என் பொண்ணுக்குக் கொடுக்கப் போறேன். எந்த வருஷத்துச் சாமான்னு சொன்னீங்கன்னா ஒரு அட்டையில எழுதி ஒட்டிடுவேன்."

"அலமாரிக்குப் பூர்வீகம் வேற கேக்குதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் எழுந்தாள். கால் வலி உயிர் போயிற்று. எதற்காக இதையெல்லாம் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாள். பழக்க தோஷத்தில் கையை அடியில் விட்டாள்.

விரலில் ஒட்டுப்போட்ட மேடு தட்டுப்பட்டது.

டார்ச்சைப் போட்டாள். பழைய வார்னிஷுக்கு அடியில் சிவப்புக் கோடு, கொஞ்சம் மங்கி, ஆனால் கோடுதான். டிரக்கின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்வளவு பழசா மேடம்?" என்றார் ஹார்வி, முகமெல்லாம் மலர்ந்து.

"யாருங்க இதை அறுத்தது?"

"வெண்டல் க்ராக்கர்னு, கடற்கரைப் பக்கம் பழைய சாமான் கடை வெச்சிருக்காரு. ஏன், விலை போகுமா?"

"மறுபாதி எங்கே?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் வாங்கினது ஒரு அலமாரிதானே."

வருஷத்தைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, வெண்டலுக்குப் போன் போட்டு, அந்தப் பச்சைத் தோணியின் மறுபாதி எங்கே என்று கேட்டாள். ரோசேர் அப்போது கிழங்கு மூட்டை இறக்கப் பக்கத்துப் பண்ணைக்குப் போயிருந்தான்.

"நான் எத்தனையோ தோணி அறுக்கறேன்மா, எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?" என்றான் வெண்டல்.

"அதைப் பெருமையா வேற சொல்றியா? உன் கை வெளங்குமா?"

"ஏம்மா திட்டறீங்க? நடு முதுகு அழுகிப்போனதைத்தான் அறுக்கறேன். நான் எடுக்கலேன்னா அது வெறகு. பச்சைன்னா சொன்னீங்க? பச்சை... ஆங், பின்பாதியை பாங்கர் ஊர்ல ஒரு பல் டாக்டர் எடுத்துட்டுப் போனாரு. ஆளுங்க காத்துக்கிட்டு உக்கார்ற அறையில வெச்சிருக்காரு."

"அதுல குறுக்குச் சட்டம் இருந்துச்சா?"

"எது?"

"பின்பக்கம் குறுக்கே ஒரு கட்டை. அது இருந்துச்சா, இல்லையா?"

"அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது" என்று போனை வைத்துவிட்டான்.

அன்று முழுக்க ஒலிவெட்டுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இத்தனை வருஷமும் தேடினாளே ஒழிய, கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. சட்டம் இல்லாமல், நட்டு ஆடி ஆடித் துளை பெரிதாகிக் கிடந்தால்? அம்மா சொன்னதுதான் நிஜம் என்றால், வீட்டுக்கு வந்து ரோசேர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவனுக்குச் சொல்வதா, மறைப்பதா? மறைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் பக்கத்தில் படுப்பது? பயமாக இருந்தது.

மறுநாள் காலை, கால் வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

"நானும் வரட்டுமா?" என்றான் ரோசேர்.

"நீ வந்து என்ன பண்ணப் போறே, என் காலை நீயா நீட்டப் போறே? பட்டாணி சூப்பைக் கிளறி வை, சாயங்காலம் வந்துடறேன்."

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வடக்கே வரக்கூடப் பார்த்தாள். அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி தெற்கே திருப்பினாள்.

பல் டாக்டரின் அறையில், மீன் தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஃபெர்னானின் தோணி வால் மேலே பார்க்க நின்றுகொண்டிருந்தது. நாலு பலகை போட்டு, பத்திரிகைகளும் பொம்மைகளும் அடுக்கியிருந்தார்கள். பலகைகளுக்கு நடுவே ஒரு கட்டை மட்டும் வேறு மாதிரி இருந்தது; கொஞ்சம் ஒல்லி, நடுவில் இடுப்பு மாதிரி சீவியது. அதன்மேல் பஞ்சில் செய்த ஒரு மூஸ் மான் பொம்மை உட்கார்ந்திருந்தது. குறுக்குச் சட்டம் இருந்தது. ஒரு சாண் தள்ளி, விளிம்புச் சட்டங்களில் இரண்டு பழைய துளைகள் குச்சியால் அடைபட்டிருந்தன.

இருந்தால் மட்டும் போதுமா? கழன்றதைப் பிறகு எவனாவது எடுத்து மாட்டியிருக்கலாமே. ஒலிவெட் கிட்டே போனாள்.

"மேடம், அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்றாள் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்.

"பல்லுக்கு வரலம்மா. இந்த அலமாரியைப் பாக்க வந்தேன்."

"அது விக்கறதுக்கு இல்லையே."

"எனக்கு வேணாம் தாயே. கையை மட்டும் விட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்."

ஒலிவெட் மூஸ் பொம்மையை எடுத்துக் கீழே வைத்தாள். சட்டத்துக்குப் பின்னால் கையை விட்டாள். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "என்னங்க, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று குழறினார்.

"ஆமா" என்றாள்.

நட்டு தட்டுப்பட்டது. அதற்கு மேலே போல்ட்டு முனை. தட்டித் தட்டி விரித்த காளான். விளிம்பில் அவள் நகம் மாட்டியது. கட்டில் காலில் காலுறை மாட்டுமே, அதே சொரசொரப்பு. வேறு யார் கை இப்படித் தட்டும்? வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. தட்டியிருந்தான். இரண்டையும் தட்டி முடித்திருந்தான். நட்டு அன்றைக்கு மாட்டியது மாட்டியபடி இருந்தது. துருவும் பூச்சும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிட்டது. ரோசேர் மாட்டிய சட்டம் அசையவே இல்லை. ஆறு கொண்டுபோனது, அவ்வளவுதான். ஆற்றைக் கேள்வி கேட்க முடியுமா?

ஒலிவெட் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மேஜைப் பெண் ஓடிவந்து காகிதக் கைக்குட்டை கொடுத்தாள். "பயப்படாதீங்க மேடம், டாக்டர் வலிக்காமப் பாத்துக்குவாரு" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் இருந்தது. ரோசேர் அடுப்பில் மரக்கோதுமை மாவை ஊற்றி ப்ளாய் சுட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் தோசை, ஒரு பக்கம்தான் வேகும், திருப்பிப் போடக் கூடாது. ஒலிவெட் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அலமாரி, கோடு, பல் டாக்டர், கட்டை, காளான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ப்ளாய் கருகியது.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"கண்ணால பாத்தியா, கையால தொட்டியா?"

"தொட்டேன் ரோசேர். உன் கை வேலை எனக்குத் தெரியாதா?"

அவன் அடுப்பை அணைத்தான். கருகிய ப்ளாயைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அப்ப தம்பி ஞாபகத்துக்காகத் தேடல. இதைப் பாக்கத்தான் தேடினே."

அவள் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னால இல்லைன்னு அன்னிக்கு சொன்னியே. தெரியும்னு சொன்னியே. தெரிஞ்சா எதுக்கு ஒலிவெட் தேடணும்?"

பொய் சொல்ல அவளுக்கு இனிமேல் தெம்பு இல்லை. "தெரியாது" என்றாள். "தெரிஞ்ச மாதிரி சொன்னேன். ஒரு நாள் நம்புவேன், ஒரு நாள் நம்ப மாட்டேன். உன் பக்கத்துல படுத்துக்கிட்டே நம்பாம இருந்திருக்கேன்."

"ம்" என்றான் ரோசேர். "எனக்கே தெரியல. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்குப் போனான்.

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். முகம் கழுவினாள். சூப்பைச் சூடாக்கிக் கிண்ணங்களில் ஊற்றினாள். "ரோசேர், சாப்பிட வா" என்றாள். கொட்டகையில் டொக் டொக் என்று ஏதோ அடிபட்டுக்கொண்டிருந்தது. மனசு சரியில்லாவிட்டால் எதையாவது எடுத்துவைத்துத் தட்டுவது அவன் வழக்கம். கொஞ்ச நேரம் பார்த்தாள். பசி, கால் வலி, நாளெல்லாம் ஓட்டிவந்த களைப்பு; எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போய்க் கத்தினாள்:

"எத்தனை தடவை கூப்பிடறது? சூப்பு ஆறிப்போச்சு! அந்தச் சுத்தியலை வெச்சுட்டு வந்து தொலையேன்!"

கத்தின வாய் அப்படியே நின்றுவிட்டது.

இதே வாசல். இதே வார்த்தை. அன்றைக்கும் அவள் இரண்டாம் தடவை வந்து கத்தினாள். அன்றைக்கும் சுத்தியல் சத்தத்தைத் தாண்டித்தான் கத்தினாள். சத்தம் நின்ற பிறகுதான் அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான், ஆறின சூப்பைக் குடித்தான். பாதி வேலையில் புருஷனைக் கூப்பிட்டுவிட்டோமே என்று அவள் உள்ளுக்குள் குமைந்தது மட்டும் இத்தனை வருஷமும் இருந்தது. கூப்பிட்டு அவன் உடனே வரவில்லை என்பதை மறந்தே போனாள்.

கொட்டகையில் சத்தம் நின்றது. ரோசேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "வரேன், வரேன். எதுக்கு ஊரைக் கூட்டறே?"

"அன்னிக்கும் கத்தினேன்" என்றாள் ஒலிவெட். "அன்னிக்கும் ரெண்டு தடவை கூப்பிட்டேன் ரோசேர். நீ தட்டிக்கிட்டு இருந்தே. தட்டி முடிச்சிட்டுதான் சாப்பிட வந்தே. சத்தம் என் காதுல விழுந்துச்சு."

அவன் வாசற்படியில் நின்றான்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சூப்பு ஆறிப்போச்சுன்னு உன்னைத் திட்டினேன்."

"ஒரு வார்த்தை பேசியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். பேசாமல் இருந்தது இரண்டு பேருமே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"ஆறித்தான் போச்சு" என்றான்.

"குடு, சூடு பண்ணித் தரேன்" என்று அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.